காலாவதித் திகதி

மக்கோவன் வீதியில் அச்சகத்தின் பின்னறை.
ஹீற்றர் ஒருபக்கம் மட்டும் சுடும்.
வாசலில் ஈரச் சப்பாத்து மூன்று சோடி,
மேசையில் மடிக்கணினி, ஆறிப்போன ரோல்ஸ்,
நூற்று நாற்பத்துமூன்று பேரின் பெயர்ப்பட்டியல்.

இரவில் லொறி ஓட்டுகிறவர்களுக்காக
நான் கதை வாசித்துப் பதிவுசெய்கிறேன்.
மாதம் ஐந்து டொலர்.
வாவா தாண்டினால் சிக்னல் செத்துவிடும் என்பதால்
முதலே இறக்கி வைத்துக்கொள்ள வழி வேண்டும்:
அன்ரன் எழுதிய முதல் தேவை அது.
இரண்டாவது, பூட்டு.
மூன்றாவதை எழுதமுன் துஷாந்தினிக்குப் போன் வந்தது,
அது எழுதப்படவேயில்லை.

பழைய தளம் விழுந்து விழுந்து எழும்புகிறது.
கட்டியவன் கல்கரிக்குப் போய்விட்டான்,
திறப்பை மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு.

இலவசமாய் ஒன்று கிடைக்குமாம்.
வெறுங்காணி தந்த மாதிரி.
கிணறு நாங்கள் வெட்டவேணும், வேலி நாங்கள் அடைக்கவேணும்,
கள்ளன் வந்தால் விழித்திருப்பதும் நாங்கள்.
"சும்மா எண்டால் என்ர சனி ஞாயிறுதான் விலை,"
கணக்குப் பார்க்கிற துஷாந்தினி தலையாட்டினாள்.

இன்னொன்று மாளிகை.
வாடகை உண்டு,
ஒவ்வொரு ஐந்து டொலரிலும் ஒரு கடியும் உண்டு.
வெளியேறினால் ஆட்களின் பெயர் கூட வரும்,
கடனட்டை வராது.
"சீதனம் திரும்பாத கலியாணம்," என்றான் அன்ரன்,
போன வருடம் விவாகரத்தானவன்.
சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச் சிரித்தோம்.

தனக்குத் தமிழ் தெரியும் என்றது மற்றது.
பரிசோதிக்க ஒரு கணக்குத் திறந்தோம்:
பெயர் அன்ரன், பணம் கட்டத் தவறியவர்.
மறுநிமிடம் திரை சொன்னது:
"உறுப்பினர் காலமானார்.
புதுப்பிக்க இங்கே அழுத்தவும்."

அழுத்தினான்.
"எழும்பி வந்திட்டன்," என்றான்.
ரோல்ஸ் புரைக்கேறுமளவு சிரிப்பு.
பிறகு துஷாந்தினி
பட்டியலில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்,
எடுக்கவில்லை.

அறுபத்தோராம் இலக்கம். மரியநாயகம்.
மாசியில், நிப்பிகன் கடந்து,
கண்ணாடிப் பனியில் போனவர்.
பூசைக்கு நாங்கள் மூவரும் போயிருந்தோம்.
அவருடைய ஐந்து டொலர்
இன்றும் எட்டாம் திகதி தவறாமல் வருகிறது.
பணம் மட்டுமென்றால் வங்கியின் மறதி என்று விடலாம்.
பதிவேட்டைப் புரட்டினால்
நேற்றிரவு இரண்டு பத்துக்கு
அந்தக் கணக்கில் யாரோ
ஒரு தொடர்கதையைப் பாதியிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.
முந்தின இரவும்.

தளம் மாறினால் கடவுச்சொல் கூட வராது.
எல்லோருக்கும் ஒரு மடல் போகும், புதிதாய் அமையுங்கள் என்று.
அவருக்கானது அவருடைய பெட்டிக்கே போகும்.
கேட்கிற அந்தக் காதின் விலாசம்
எங்களிடம் இல்லை.

ஒப்பீட்டுத் தாளில் பதினெட்டு வரி நிரப்பியிருந்தோம்.
ஒன்றையும் பிறகு பார்க்கவில்லை.
வெறுங்காணியில் மட்டும்தான், அன்ரன் சொன்னான்,
பழைய பூட்டைக் கழற்றாமல்
அப்படியே புதுக் கதவில் பொருத்தலாம்;
திறப்பு எதுவென்று எங்களுக்கும் தெரியவராது,
வைத்திருப்பவர் திறந்துகொள்வார்.
"எத்தனை சனி ஞாயிறு?" என்று கேட்டாள் துஷாந்தினி.
அவன் விரல்களை எண்ணத் தொடங்கி நிறுத்தினான்.
அவள் ஓமென்றாள்.

உறுப்பினர் வகை என்ற இடத்தில் நிறையத் தயங்கினோம்.
ஆசிரியர், சந்தாதாரர், விருந்தினர்.
சந்தாதாரர் என்றே விட்டோம்.
கட்டணம் பூச்சியம்.
காலாவதித் திகதிப் பெட்டியின் கீழே
பொடி எழுத்தில் இருந்தது:
வெறுமையாக விட்டால் முடிவில்லை.

அவர்கள் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க
நான் அச்சு இயந்திரத்தின் பக்கம் போய்
அந்தத் தொடரின் அடுத்த பகுதியை எடுத்தேன்.
ஆடிமாதம் இருமலில் நிறுத்தியது.
பதிவில் ஹீற்றரின் இரைச்சலும் விழுந்திருக்கும்.